தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களும் கிறிஸ்தவ மரியாதையும்



2009ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள். புதுடெல்லியில் காங்கிரஸ் கட்சியின் தலைமை அலுவலகத்தில், அன்றைய மத்திய உள்துறை அமைச்சர் திரு. ப. சிதம்பரம் செய்தியாளர்களைச் சந்தித்துக் கொண்டிருந்தார். ஜர்னைல் சிங் என்ற சீக்கியப் பத்திரிகையாளர், 1984ஆம் ஆண்டுக் கலவர வழக்கில் ஜகதீஷ் டைட்லர் மீது குற்றமில்லை என்று சி.பி.ஐ. கூறியிருந்ததைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். கிடைத்த பதில் அவருக்கு நிறைவளிக்கவில்லை. காலணியைக் கழற்றி அமைச்சரை நோக்கி எறிந்தார். அது அவர்மீது படாமல் விலகிச் சென்றது.

அடுத்து நடந்தது நம் சிந்தனைக்கு உரியது. அந்த மனிதரை மென்மையாக வெளியே அழைத்துச் செல்லுங்கள் என்றார் அமைச்சர். கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார். அவரை மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை.

நம் பகுதி மக்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. காரைக்குடிக்கு அருகிலுள்ள கண்டனூர், திரு. சிதம்பரம் அவர்களின் குடும்ப ஊர். தேர்தல் நாளில் வாக்களிக்க அவர் இங்கு வந்ததைப் பார்த்தவர்கள் பலர். 1984 முதல் 2009 வரை சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ஏழு முறை வென்றவர். 1999இல் இதே தொகுதியில் தோற்றவரும்கூட. அவருக்கு வாக்களித்தவர்களும் நம் ஆலயத்தில் முழந்தாளிடுகிறார்கள், எதிர்த்து வாக்களித்தவர்களும் முழந்தாளிடுகிறார்கள். ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது எந்தக் கட்சிக்கும் ஆதரவாக எழுதப்படுவது அல்ல. அருட்பணியாளர்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதைத் திருச்சபைச் சட்டத்தின் 287ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தடை இருப்பதால்தான் எல்லாக் கட்சியினருக்கும் ஒரே பீடத்திலிருந்து நற்கருணை வழங்க என்னால் முடிகிறது என்பது என் எண்ணம்.

மீண்டும் அந்தக் காலணிக்கு வருவோம். எறிந்தவர் கேட்ட கேள்வி நியாயமானது. இந்திரா காந்தி அம்மையார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே சொல்கிறது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகியும் நீதி வரவில்லை. கேள்வி சரியானது, தான் காட்டிய முறைதான் சரியல்ல என்று ஜர்னைல் சிங்கே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால், சில நாள்களுக்குள் டைட்லரும் சஜ்ஜன் குமாரும் காங்கிரஸ் வேட்பாளர் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார்கள். அப்படியானால் அவமதிப்பு பலன் தந்துவிட்டதே, பணிவாகக் கேட்டவர்களுக்குக் கிடைக்காதது காலணிக்குக் கிடைத்துவிட்டதே என்று நம் இளைஞர்கள் கேட்கலாம். இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

என் பதில் இது. வேட்பாளர் பட்டியலைக் காலணி மாற்றியது உண்மை. ஆனால் நீதி அதனால் வரவில்லை. 2018 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதற்கு வழிசெய்தவர்கள், கணவரையும் மகனையும் பறிகொடுத்த ஒரு பெண் உள்ளிட்ட சாட்சிகள். மிரட்டலுக்கு அஞ்சாமல், 34 ஆண்டுகள் மனம் தளராமல் அவர்கள் சாட்சி சொன்னார்கள். காலணி எறிந்தவரின் வாழ்க்கையும் அங்கேயே நின்றுவிடவில்லை. அவர் அந்தப் படுகொலைகளைப் பற்றி நூல் எழுதினார். 2015இல் டெல்லி சட்டமன்றத்துக்கு ராஜோரி கார்டன் தொகுதியிலிருந்து மக்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2021இல் கொரோனா நோயால் இறந்தார்.

தாவீதும் பவுலும்

விவிலியத்தில் இதற்கு மிக நெருங்கிய நிகழ்வு 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தன்னைக் கொல்லத் தேடும் சவுல் அரசர், தாவீது ஒளிந்திருந்த அதே குகைக்குள் தனியாக வருகிறார். தாவீதின் ஆள்கள் தூண்டுகிறார்கள். தாவீது சவுலைக் கொல்லவில்லை. அவருடைய மேலாடையின் தொங்கலை மட்டும் ஓசையின்றி அறுத்துக்கொள்கிறார். உயிருக்குச் சேதமில்லை, உடலில் கீறல்கூட இல்லை. ஆயினும் அந்தத் துணியை அறுத்ததற்காகவே அவர் மனம் அவரை உறுத்தியது என்கிறது இறைவார்த்தை. ஓர் அரசரின் ஆடையைத் தொட்டதற்கே உறுத்திய மனச்சான்று அது. கைப்பேசியில் ஒரு தலைவரின் முகத்தை விலங்கின் உடலோடு ஒட்டி, பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிட்டு ஞாயிறு திருப்பலிக்கு வரும் நம்மில் சிலர் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

ஆனால் தாவீது அதோடு வாய்மூடி இருந்துவிடவில்லை. குகைக்கு வெளியே வந்து, உரத்த குரலில் அரசரை அழைத்து, தலைதாழ்த்தி வணங்கி, அவர் செய்யும் அநீதியை எல்லாருடைய காதும் கேட்க எடுத்துச் சொன்னார். மரியாதையும் குற்றச்சாட்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. நாம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றைத்தான் கைக்கொள்கிறோம். நேரில் பார்க்கும்போது கும்பிடு, பார்க்காதபோது வசவு. தாவீது இதற்கு நேர்மாறு: மறைவில் கைவைக்கவில்லை, வெளிப்படையாகக் கேட்டார்.

புனித பவுலின் வாழ்விலும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு (திருத்தூதர் பணிகள் 23). தலைமைச் சங்கத்தில், தம்மை அறையச் சொன்னவரை வெள்ளையடித்த சுவர் என்று அவர் ஏசிவிடுகிறார். அவர் தலைமைக் குரு என்று சொல்லப்பட்டதும், மக்களின் தலைவரைப் பழிக்கக் கூடாது என்ற விடுதலைப் பயண நூலின் கட்டளையைத் தாமே எடுத்துச் சொல்கிறார். கவனியுங்கள்: அவர் நிறுத்திக்கொண்டது வசைச்சொல்லை மட்டும்தான், தம் வழக்கை அல்ல. அடுத்த இரண்டாம் அதிகாரத்தில், உரோமைக் குடிமகனுக்குரிய உரிமையைப் பயன்படுத்திச் சீசரிடமே மேல்முறையீடு செய்கிறார்.

சட்டம் தரும் வழியில் சென்று கேட்பது அவமதிப்பு ஆகாது. 2009 மே மாதம் சிவகங்கையில் வெற்றி வித்தியாசம் 3,354 வாக்குகள் மட்டுமே. வாக்கு எண்ணிக்கையில் தவறு நடந்ததாகக் கூறித் தோல்வியுற்ற அ.தி.மு.க. வேட்பாளர் திரு. ராஜ கண்ணப்பன் சென்னை உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்தார். அது அவருடைய உரிமை. நீதிமன்றத்தை நாடிய ஒருவரைத் தோல்வியை ஏற்காதவர் என்று ஏளனம் செய்வதும் மரியாதைக் குறைவுதான்.

நீரோவுக்காகச் செபித்தவர்கள்

உரோமையர் 13ஆம் அதிகாரத்தில், ஆளும் அதிகாரங்களுக்குப் பணிந்திருக்கவும், வரியையும் மதிப்பையும் உரியவர்களுக்குக் கொடுக்கவும் பவுல் அறிவுறுத்துகிறார். அவர் அதை எழுதிய ஏறத்தாழ கி.பி. 57-58இல் ஆண்டவன் நீரோ. அந்த நீரோவின் ஆட்சியிலேயே பவுலும் பேதுருவும் உரோமையில் மறைசாட்சிகளாக இறந்தார்கள் என்பது திருச்சபையின் மரபு. நல்லவர் ஆளும்போது மட்டும் செபியுங்கள் என்று முதல் கிறிஸ்தவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏறத்தாழ கி.பி. 96இல் திருத்தந்தை புனித கிளமெந்து கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தின் இறுதியில் ஒரு நீண்ட மன்றாட்டு இருக்கிறது. ஆட்சியாளர்களுக்கு உடல்நலமும் அமைதியும் நிலைத்த ஆட்சியும் தரவேண்டும் என்றும், அவர்களுடைய முடிவுகளைக் கடவுள் நன்மையை நோக்கி நடத்தவேண்டும் என்றும் அதில் வேண்டப்படுகிறது. வேண்டியவர்கள் துன்புறுத்தப்பட்ட சபையினர்.

இதே மக்கள் மற்றொன்றில் அசைந்து கொடுக்கவில்லை. சீசரை ஆண்டவர் என்று அழைக்கமாட்டோம் என்றார்கள். சிமிர்னா ஆயர் புனித பொலிக்கார்ப்பு இரண்டாம் நூற்றாண்டில் ஆளுநர் முன் நிறுத்தப்பட்டபோது, ஆள்வோருக்குத் தகுந்த மரியாதை தர எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, சீசரின் பேரில் ஆணையிட மறுத்தார். அதற்காக எரிக்கப்பட்டார்.

தமிழகத்தில் இது பழங்கதை அல்ல. தலைவரின் காலில் விழுவது, கட்-அவுட்டுக்குப் பாலூற்றுவது, அவரைத் தெய்வமாகச் சித்திரித்துச் சுவரொட்டி ஒட்டுவது எல்லாம் நாம் கண்ணால் கண்டவை. இவற்றைச் செய்கிறவர்களில் கழுத்தில் செபமாலை அணிந்தவர்களும் இருக்கிறார்கள். செருப்பு எறிவது மரியாதைக் கேடு என்பது எல்லாருக்கும் தெரிகிறது. காலில் விழுவதும் அதே அளவுக்கு மரியாதைக் கேடு என்பது தெரிவதில்லை. முன்னது அவரை மனிதருக்குக் கீழே தள்ளுகிறது. பின்னது மனிதருக்கு மேலே தூக்குகிறது. மனிதராக நடத்துவது இரண்டிலும் இல்லை.

நம் கையிலும் ஓர் அதிகாரம்

உரோமையர் 13ஐ மக்களாட்சியில் எப்படி வாசிப்பது? பவுல் காலத்தில் அதிகாரம் என்றால் பேரரசர். நம் நாட்டில் 1949 நவம்பர் 26இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அரசியலமைப்புச் சட்டம், அதிகாரத்தின் ஊற்றாக மக்களை நிறுத்துகிறது. (அதை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் ஒரு சேசு சபைக் குருவும் இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. அவர் அருட்தந்தை ஜெரோம் டிசோசா.) ஆகவே பவுல் சொல்லும் அதிகாரத்தில் ஒரு சிறு பங்கு உங்கள் கையிலும் இருக்கிறது. அதைப் பெற்றுத்தான் ஒருவர் உறுப்பினர் ஆகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2240ஆம் எண்ணில் வரி செலுத்துவதையும் வாக்களிப்பதையும் நாட்டைக் காப்பதையும் ஒரே மூச்சில் நம் கடமைகளாகச் சொல்கிறது.

இந்தப் பங்கை விற்றுவிட்டு, வாங்கியவரைப் பிறகு மதிக்க முடியுமா? 2016 மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகரிலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதியிலும், வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த புகாரால் குறித்த நாளில் வாக்குப்பதிவு நடக்கவில்லை. தேர்தல் ஆணையமே நிறுத்திவிட்டது. கொடுத்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வாங்கிய கை எத்தனை நற்கருணைக்காக நீட்டப்பட்டது என்று நாம் பேசுவதில்லை. எல்லாத் தலைவர்களும் திருடர்கள் என்று தேநீர்க் கடையில் சொல்பவர், தம் வாக்குக்கு என்ன விலை வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு நேர்மையாக இருக்கும்.

எதிர்க்க வேண்டிய நேரம்

மரியாதை என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அல்ல. மனச்சான்றுக்கு எதிரான ஆணைக்குக் கீழ்ப்படிய மறுப்பது கடமை என்று மறைக்கல்வி 2242ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. நம் சிவகங்கை மறைமாவட்டத்தின் மண்ணிலேயே இதற்குச் சாட்சி உண்டு. தம் நாட்டில் மறைபரப்பக் கூடாது என்று 1686இல் சேதுபதி அரசர் எச்சரித்து விடுவித்த பிறகும், புனித அருளானந்தர் திரும்பி வந்து போதித்தார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். அவர் அரசருக்கு எதிராகப் படை திரட்டவில்லை, அவரைச் சபிக்கவில்லை. ஆணையை மீறினார், மீறியதற்கான தண்டனையை ஏற்றார்.

நம் நினைவுக்கு எட்டிய காலத்தில், 2002 அக்டோபரில் செல்வி ஜெயலலிதா அவர்களின் அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கிறிஸ்தவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நம் பள்ளிகளும் கல்லூரிகளும் அந்த மாதத்திலேயே ஒருநாள் மூடப்பட்டன. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு அதே அரசு சட்டத்தைத் திரும்பப் பெற்றது. இடையில் 2003 ஏப்ரல் 18 அன்று பெரிய வெள்ளி வந்தது. அன்றைய வழிபாட்டின் பொது மன்றாட்டுகள் பத்து. ஒன்பதாவது, நாட்டை ஆள்வோருக்காக. கடவுளை நம்பாதோருக்கான மன்றாட்டுக்கும் துன்புறுவோருக்கான மன்றாட்டுக்கும் நடுவே திருச்சபை அதை வைத்திருக்கிறது. அந்த ஆண்டில் அதை நீக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. எந்த அரசின் சட்டத்தை எதிர்த்து வீதிக்கு வந்தோமோ, அந்த அரசுக்காகவும் முழந்தாளிட்டோம்.

மன்றாட்டைப் பற்றி ஒரு சிறு வேண்டுகோள். ஞாயிறு திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு எழுதும் இளைஞர்கள் சிலர், கடவுளிடம் வேண்டுவதுபோல் எழுதி அமைச்சரைத் திட்டுகிறார்கள். வேறு சிலர் வேண்டுவதுபோல் எழுதி ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்கிறார்கள். ஆண்டவருக்கு இரண்டும் புரியும். 2018 மே மாதத்தில் டெல்லிப் பேராயர் அனில் கூட்டோ, வரவிருந்த தேர்தலை முன்னிட்டு நாட்டுக்காகச் செபிக்கவும் வெள்ளிதோறும் ஒருசந்தி இருக்கவும் கேட்டு எழுதிய கடிதமே பெரும் அரசியல் சர்ச்சை ஆயிற்று. நாட்டின் நிலை கொந்தளிப்பாக இருக்கிறது என்று அவர் எழுதியிருந்ததுதான் காரணம். செபிக்கச் சொல்ல ஆயருக்கு முழு உரிமை உண்டு. நம் மன்றாட்டை வெளியார் எப்படிக் கேட்பார்கள் என்று எண்ணிப் பார்க்க நமக்கும் அது ஒரு பாடம்.

தலைவர் வீழ்ந்த நேரத்தில் நம் நாக்கு என்ன செய்கிறது என்பதும் ஒரு சோதனைதான். உள்துறை அமைச்சராக இருந்த அதே சிதம்பரம், 2019 ஆகஸ்ட் 21இல் ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கில் கைது செய்யப்பட்டு, 106 நாள்களுக்குப் பின் டிசம்பர் 4இல் பிணையில் வெளியே வந்தார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அந்த நாள்களில் நாடெங்கும் கைப்பேசிகளில் பரவிய கேலிப் படங்களுக்குக் கணக்கில்லை. வழக்கை நீதிமன்றம் பார்க்கும். ஒருவர் சிறைக்குப் போவதைப் பார்த்துச் சிரிப்பதற்கு எந்தக் கட்சிக்காரருக்கும் நற்செய்தி இடம் தரவில்லை.

தரையில் அமர்ந்த தலைவி

இதுவரை அமைச்சர்களையும் அரசர்களையும் பேசினோம். அவர்களை மதிப்பது எளிது. அவர்களிடம் காவலரும் வாகனமும் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை நாம் மதிக்கிறோமா என்பது ஊராட்சி அலுவலகத்தின் நாற்காலியில்தான் தெரிகிறது.

1992இல் நிறைவேறிய 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு தந்தது. தமிழகத்தில் 1996இல் தேர்தல் நடந்தது. நமக்கு அண்டையிலுள்ள மேலூர் வட்டத்தில், மேலவளவு ஊராட்சித் தலைவராக முருகேசன் என்ற தலித் சகோதரர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30இல், பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரும் மற்ற ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் அவர் செய்த குற்றம். அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 அக்டோபர் வரை பத்தாண்டுகள் முறையான தலைவரே அமர முடியவில்லை. மனு தாக்கல் செய்யவிடாமல் தடுத்தார்கள். யாராவது தேர்ந்தெடுக்கப்பட்டாலும் உடனே பதவி விலகச் செய்தார்கள்.

அதெல்லாம் முடிந்த கதை என்று நினைத்திருந்தவர்களை, 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியிலிருந்து வெளிவந்த ஒரு புகைப்படம் உலுக்கியது. கூட்டத்தில் உறுப்பினர்கள் நாற்காலிகளில் இருக்கிறார்கள்; தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவியான தலித் பெண் தரையில் அமர்ந்திருக்கிறார்.

யாக்கோபு திருமுகம் 2ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களை எடுத்து வாசியுங்கள். பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கை, அழுக்குடை அணிந்த ஏழைக்குக் கால்மணைப் பக்கம் இடம் என்று பிரிக்கும் தொழுகைக்கூடத்தை யாக்கோபு கடிகிறார். அவர் பேசுவது கிறிஸ்தவர்களின் கூட்டத்தைப் பற்றி. நாமும் விலகி நின்று பேச முடியாது. நம் திருச்சபைக்குள்ளேயே சாதியின் பெயரால் தனிக் கல்லறையும் தனித் தெருச் சப்பரமும் இருந்ததால்தான், 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை அறிக்கையை வெளியிட நேர்ந்தது.

சேவை செய்யாத பிரதிநிதியைக் கேள்வி கேட்கலாம், கேட்கவேண்டும். கிராம சபைக் கூட்டம் அதற்குத்தான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதற்குத்தான். ஆனால் கேள்வி கேட்கும்போது, மேல்சாதித் தலைவரை ஐயா என்றும் தலித் தலைவரைப் பெயர் சொல்லி வா, போ என்றும் அழைத்தால், நாம் கணக்குக் கேட்கவில்லை, சாதி பார்க்கிறோம். தலைவியின் இருக்கையில் அவருடைய கணவரை உட்காரவைத்து அவரிடமே மனுக் கொடுப்பதும் இதே வகைதான்.

பெரிய வெள்ளியன்று நாம் செபிக்கும் அந்த ஒன்பதாம் மன்றாட்டில் இந்தத் தலைவர்களும் அடங்குவர். ஞாயிறு மன்றாட்டிலோ நாட்டுத் தலைவர்கள் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். இனிமேல் அன்பியக் கூட்டங்களில், நாடாளுமன்ற உறுப்பினர் தொடங்கி உங்கள் வார்டு உறுப்பினர் வரை பெயர் சொல்லிச் செபியுங்கள். பலருக்கு வார்டு உறுப்பினரின் பெயர் தெரிந்திருக்காது. அந்தத் தெருவிலேயே கேட்டால் சொல்வார்கள்.